இருட்டில் மவுண்டன் பைக்: வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வெர்னஸ் நகரத்துக்கு வடமேற்கில், ஸ்ட்ராத்பெஃபர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் பக்கத்துக் காட்டில் ஜனவரி மாதத்தில் 24 மணி நேர மவுண்டன் பைக் பந்தயம் ஒன்று நடத்துகிறார்கள். பெயர் ஸ்ட்ராத்பஃபர். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பி, ஞாயிறு காலை பத்து மணி வரை ஒரே காட்டுப்பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். வேர், பாறை, சேறு, குளிர் அதிகமான வருஷங்களில் உறைபனி. இதில் விசேஷம் என்னன்னா, அந்த ஊரில் ஜனவரி நடுவில் மாலை நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். காலை ஒன்பதை நெருங்கும்போதுதான் திரும்பி வரும். ஆக, பந்தயத்தின் 24 மணி நேரத்தில் சுமார் 17 மணி நேரம் இருட்டு.

(நம்ம ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். இங்கே நான் சொல்வது மிதிக்கிற சைக்கிள்தான். குழப்பம் வேண்டாம் என்பதால் இனி சைக்கிள் என்றே எழுதுகிறேன்.)

இரவில் காட்டுப்பாதையில் ஓட்டுபவர்கள் எழுதியதை எல்லாம் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாரும் இரண்டு லைட் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று ஹேண்டில்பாரில், இன்னொன்று ஹெல்மெட்டில். ஒன்று போதாதா? போதாது என்றால், அதையே இரண்டு மடங்கு பிரகாசமாக வாங்கிக்கொள்ளலாமே? பதிலைத் தேடிப் போனதில், பள்ளிக்கூட வடிவியல், கண்ணின் உடலியல், பேட்டரி வேதியியல் என்று போய், கடைசியில் ஒரு மானின் இதயத்துடிப்பில் வந்து நின்றது. அந்தக் குறிப்புகள்தான் இது.

நிழல்தான் சேதி சொல்கிறது

முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தரையில் நாலைந்து அழிப்பான்களைப் போடுங்க. நாலடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சை நெற்றியோடு ஒட்டி வைத்துப் பாருங்க. அழிப்பான்கள் தெரியும், ஆனால் தரையில் ஒட்டிய படம் மாதிரி தட்டையாகத் தெரியும். இப்போது பார்வையை மாற்றாமல், டார்ச்சை மட்டும் இடுப்புக்கு இறக்குங்க. சட்டென்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கறுப்பாக ஒரு வால் முளைக்கும். எது எவ்வளவு உயரம் என்று இப்போது கண் சொல்லிவிடும். நான் செய்து பார்த்தபோது, அதே டார்ச், அதே வெளிச்சம், இறக்கியது வெறும் இரண்டடி; ஆனால் தரை வேறு தரையாகிவிட்டது.

ஏன் இப்படி? கணக்கு ரொம்ப எளிது. பாதையில் 10 மீட்டர் முன்னால் 10 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடக்கிறது. ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 1.55 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் லைட் அதற்கும் 10 செ.மீ. மேலே, 1.65 மீட்டரில். ஹேண்டில்பார் லைட் 1 மீட்டரில்.

கல்லுக்குப் பின்னால் இருக்கும் தரையில் சுமார் 69 செ.மீ. நீளத்தை அந்தக் கல்லே கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஹெல்மெட் லைட்டால் விழும் நிழலின் நீளம் சுமார் 65 செ.மீ. அதாவது நிழல் முழுக்க அந்த மறைவான பகுதிக்குள்ளேயே அடங்கிப் போகிறது. நிழல் இருக்கிறது, ஆனால் உங்களுக்குத் தெரியாது! ஹேண்டில்பார் லைட்டால் விழும் நிழலோ 1.11 மீட்டர். அதில் 69 செ.மீ. போக, மிச்சம் 42 செ.மீ. கறுப்புப் பட்டை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கல் இருக்கிறது, கவனம் என்று சொல்வது அந்த 42 செ.மீ.தான்.

குழிக்கும் இதே கதைதான். கண்ணும் லைட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தால், கண்ணால் பார்க்க முடிகிற குழியின் பகுதி எல்லாமே வெளிச்சமாகத்தான் இருக்கும். இருட்டு விளிம்பு என்று எதுவும் தெரியாது. சமதரை மாதிரியே தோன்றும். லைட் கண்ணுக்குக் கீழே இருந்தால்தான் குழிக்குள் இருட்டு தெரியும்.

ஆக, காட்டுப்பாதையில் நமக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமில்லை. வெளிச்சமும் நிழலும் சேர்ந்த சித்திரம். எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டும் லைட் உண்மையில் பாதையை மறைக்கிறது.

அப்படியானால் ஹெல்மெட் லைட் எதற்கு?

ஹேண்டில்பார் லைட்டுக்கு ஒரு குறை உண்டு. முன்சக்கரம் எங்கே திரும்பி இருக்கிறதோ, அங்கேதான் அது பார்க்கும். கொண்டை ஊசி வளைவு ஒன்று வருகிறது என்றால், வளைவுக்குள் நுழைகிற வரை அந்த லைட் நேரே பள்ளத்தாக்கையும் எதிரே இருக்கும் மரத்தையும்தான் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் போக வேண்டிய பாதை இடதுபக்கம் இருட்டில் கிடக்கும்.

சைக்கிள் ஓட்டுவதில் பழைய பாடம் ஒன்று: எங்கே போக வேண்டுமோ அங்கே பார், சைக்கிள் தானே வரும். ஹெல்மெட் லைட் இந்தப் பாடத்துக்கு ஏற்ற கருவி. தலை திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்பும். வளைவின் வெளிவாசலை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நடுராத்திரி சங்கிலி அறுந்தாலும், டயர் பஞ்சரானாலும், இரண்டு கையும் சும்மா இருக்கும்.

ஆனால் மழையிலும் பனிமூட்டத்திலும் இதே லைட் எதிரியாகிவிடும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒளி, எதிரே மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்புகிறது. வெள்ளைச் சுவர் ஒன்று எழும்பின மாதிரி இருக்கும். காரில் பனிமூட்ட விளக்குகளைத் தாழ்வாக வைப்பதற்கும் இதுதான் காரணம். குளிர் அதிகமான இடத்தில் பனிமூட்டம்கூடத் தேவையில்லை. மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போது, நம்ம மூச்சுக்காற்றே ஆவியாகி லைட்டுக்கு முன்னால் நின்று மறைக்கும். அப்போது ஹெல்மெட் லைட்டைக் குறைத்துவிட்டு, ஹேண்டில்பாரை நம்பி ஓட்டுவதுதான் வழி.

இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு வெளிச்சம்

இனி பிரகாசத்துக்கு வருவோம். லைட் விற்பவர்கள் சொல்லும் அளவு லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமென். காட்டுப்பாதைக்கென்று இன்று விற்கும் சைக்கிள் லைட்டுகள் சர்வ சாதாரணமாக 1,000 முதல் 2,000 லூமென் தருகின்றன. கூடக் கூட நல்லதுதானே?

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிரே ஏதோ கிடக்கிறது. பார்த்து, புரிந்து, பிரேக்கை அழுத்த ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 4.2 மீட்டர் போய்விடும். மண்ணும் சரளையும் உள்ள பாதையில் சறுக்காமல் நிற்க இன்னும் 3 மீட்டர் வேண்டும். மொத்தம் 7 மீட்டர். இப்போது வேகம் 30 கி.மீ. அந்த ஒரு நொடியில் 8.3 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 11.6 மீட்டர். மொத்தம் 20 மீட்டர். வேகம் இரண்டு மடங்குதான் ஆனது, ஆனால் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஏனென்றால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்.

இதோடு வெளிச்சத்தின் கணக்கைச் சேர்த்துப் பாருங்க. தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். 7 மீட்டரில் ஒரு கல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததோ, அதே தெளிவு 20 மீட்டரிலும் வேண்டும் என்றால், அதே வடிவக் கற்றைக்கு எட்டு மடங்கு ஒளி தேவை. 400 லூமென் போதுமாக இருந்த இடத்தில் 3,200! தரையில் ஒளி இன்னும் சாய்வாக விழுவதால், நிஜத்தில் இதைவிடவும் மோசம்.

இரவு ஓட்டத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் விதியின் சாரம் இதுதான்: உன் லைட் காட்டும் தூரத்துக்குள் உன்னால் நிற்க முடியணும். முடியவில்லை என்றால், பார்க்காத தரையில் ஓட்டுகிறாய் என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. எட்டு மடங்கு லைட் வாங்கலாம். அல்லது வேகத்தைக் குறைக்கலாம். இரண்டாவது இலவசம்.

வேகத்தைக் குறைத்தால் சுவாரசியம் போய்விடுமே என்று கேட்கலாம். போகாது. பகலில் தூரத்து மரம், மலை எல்லாம் மெதுவாக நகர்வதைப் பார்த்துத்தான் வேகத்தை உணர்கிறோம். இரவில் தெரிவது பக்கத்தில் இருக்கும் செடியும் கல்லும் மட்டும். அவை விர்ரென்று பின்னால் ஓடும். அதனால் பகலில் சலித்துப்போன பாதைகூட ராத்திரியில் புதுசாக, வேகமாகத் தோன்றும். இரவில் ஓட்டுகிற பலர் சொல்லும் சந்தோஷமே இதுதான்.

கண் செய்யும் தாமதம்

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். கூம்புச் செல்கள் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். குச்சிச் செல்கள் மங்கலான ஒளிக்கு. பார்வையின் நட்டநடுப் புள்ளியில் குச்சிச் செல்களே கிடையாது. அதனால்தான் மங்கிய நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும்.

குச்சிச் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். சைக்கிளில் 1,000 லூமென் எரிந்துகொண்டிருக்கும்போது அவை பழக வாய்ப்பே இல்லை. வெளிச்சத்துக்குள் பகல் பார்வை, வெளியே குருடு. லைட் திடீரென்று அணைந்தால் என்ன ஆகும்? இருட்டுக்குப் பழகாத கண்ணோடு, வேகத்தோடு, வேரும் பாறையுமான பாதையில் இருப்பீர்கள். இரண்டு லைட் வைத்துக்கொள்வதற்கு நிழல் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கு. சக்கரத்துக்கு முன்னால் இரண்டு மீட்டரில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தைக் கொட்டினால், கண் அந்தப் பிரகாசத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். தூரத்தில் இருப்பது இன்னும் இருண்டுபோகும். லைட்டின் முனையைக் கொஞ்சம் நிமிர்த்தி, அடர்ந்த ஒளி தூரத்திலும் மெல்லிய ஒளி பக்கத்திலும் விழும்படி வைத்தால், குறைந்த லூமெனிலேயே அதிகம் தெரியும்.

பேட்டரியும் குளிரும்

24 மணி நேர மவுண்டன் பைக் பந்தயம் என்ற வடிவம் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், 1992-ல் லேர்ட் நைட் நடத்திய கனான் பந்தயத்திலிருந்து பரவியது. அந்தக் காலத்து லைட் என்றால் ஹாலஜன் பல்பு. தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தில் கனமான பேட்டரி. 15 வாட் செலவழித்தால் 300 லூமென் வந்தால் பெரிய விஷயம். இன்று எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகிறது. 1,000 லூமெனுக்கு 10 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 20 வாட்-மணி. டார்ச்சுகளில் போடும் விரல் பருமன் லித்தியம்-அயன் செல் ஒன்று சுமார் 10 வாட்-மணி கொள்ளும். ஆக இரண்டு செல் இருந்தால் இரண்டு மணி நேரம்.

இது காகிதக் கணக்கு. குளிரில் இது பலிக்காது. லித்தியம்-அயன் செல்லுக்குள் அயனிகள் நகரும் வேகம் குளிரில் குறைகிறது, உள்மின்தடை ஏறுகிறது, மின்னழுத்தம் சரிகிறது. பேட்டரியில் சரக்கு இருக்கும்போதே, தீர்ந்துபோச்சு என்று லைட் முடிவு செய்துவிடும். அதே செல்லைச் சூடாக்கினால் மீண்டும் எரியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஹெல்மெட் லைட்டின் பேட்டரியைத் தலையில் வைக்காமல், நீள ஒயர் போட்டு சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லை அப்படியே சார்ஜ் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு போட வேண்டும்.

லைட்டில் மின்னும் கண்கள்

இதுவரை நம்ம கண்ணைப் பற்றியே பேசினோம். காட்டில் வேறு கண்களும் இருக்கின்றன.

ஹெல்மெட் லைட்டோடு தலையைத் திருப்பினால், மரங்களுக்கு நடுவே இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னும். ஸ்காட்லாந்துக் காட்டில் அது பெரும்பாலும் மான். மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. முதல்முறை தப்பிய ஒளியைத் திருப்பி அனுப்பி, இன்னொருமுறை பிடிக்க வாய்ப்புத் தரும் ஏற்பாடு. திரும்பும் ஒளி, வந்த வழியிலேயே போகும். அதனால் லைட் நம்ம கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நன்றாக மின்னும். வேடிக்கையைப் பாருங்க: கல்லின் நிழலை மறைக்கும் அதே அமைப்பு, மானின் கண்ணைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த மான் ஏன் ராத்திரியில் அங்கே நிற்கிறது? 2018-ல் சயன்ஸ் இதழில் கெய்ட்லின் கேனரும் சக ஆய்வாளர்களும் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். ஆறு கண்டங்கள், 62 பாலூட்டி இனங்கள். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகளின் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு கூடியிருந்தது. பகலும் இரவும் பாதிப்பாதியாக நடமாடிய விலங்கு, 68 சதவீதத்தை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். வேட்டைக்காரர்கள் என்றில்லை, சும்மா நடந்து போகிறவர்களுக்கும் இதே விளைவுதான். பகலை நம்மிடம் விட்டுவிட்டு இரவுக்கு ஒதுங்கியவை அவை. அந்த இரவுக்குள்தான் நாம் 2,000 லூமென் எடுத்துக்கொண்டு நுழைகிறோம்.

குளிர்காலத்தில் இதன் விலை இன்னும் அதிகம். ஆஸ்திரியாவில் வால்டர் ஆர்னால்ட் குழுவினர் செம்மான்களின் இதயத்துடிப்பையும் தோலடி வெப்பத்தையும் தொடர்ந்து அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தின் அடிமட்டத்தில், மானின் இதயத்துடிப்பு கோடை உச்சத்தைவிட 60 சதவீதம் குறைந்திருந்தது. குளிர்காலக் கடைசியில், நள்ளிரவிலும் விடிகாலையிலும், உடம்பின் வெளிப்பகுதியைக் குளிரவிட்டு, அசையாமல் நின்று, சக்தியை மிச்சம் பிடிக்கின்றன. புல் இல்லாத மாதங்களை இப்படித்தான் கடத்துகின்றன. அந்த நேரத்தில் மிரட்டி ஓடவிட்டால், அது சிறுகச் சிறுகச் சேமித்ததைச் செலவழிக்க வைக்கிறோம்.

கெய்ர்ங்கார்ம்ஸ் பகுதிப் பைன் காடுகளில் கேப்பர்கேய்லி என்ற பெரிய காட்டுக்கோழி இனம் இருக்கிறது. 2021–22 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுக்கவே 542 பறவைகள் என்று மதிப்பிட்டார்கள். வசந்தகாலத்தில் விடியும் வேளையில் சேவல்கள் ஓரிடத்தில் கூடி ஆடும். அதை வைத்துத்தான் இணை சேரும். அந்த வேளையில் அங்கே ஒரு சைக்கிள் லைட் போனால், அன்றைய கூடல் கலைந்துவிடலாம்.

சட்டம் விட்ட இடம்

ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெருந்தன்மையானது. பொறுப்போடு நடந்துகொண்டால், நிலம் யாருடையதாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் நடந்தோ சைக்கிளிலோ போகலாம். இரவிலும் போகலாம். வாசலில் நேரப்பலகை கிடையாது. பொறுப்பு என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டு, மிச்சத்தை ஓட்டுபவரிடம் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். இருட்டிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஓட்டி முடிப்பது. நள்ளிரவையும் விடிகாலையையும் காட்டுக்கே விடுவது. தினமும் ஆட்கள் போகும் பாதையைவிட்டு விலகாமல் இருப்பது. எதிர்பார்த்த இடத்தில் வரும் மனிதரை விலங்குகள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், எதிர்பாராத இடத்தில் வருபவரைத்தான் அவை அஞ்சி ஓடும். கண்கள் மின்னினால் ஹெல்மெட் லைட்டைத் தரைக்குத் தாழ்த்தி, நிற்காமல் அப்படியே கடந்துபோவது. வசந்தகாலத்தில் கேப்பர்கேய்லி வாழும் காட்டுக்கு விடியல் வேளையில் போகவே போகாமல் இருப்பது.

எழுதிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. நிழல் தெரிய லைட்டைத் தாழ்த்தி வைக்கச் சொல்கிறது வடிவியல். வெளிச்சத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போகச் சொல்கிறது பிரேக் கணக்கு. முன்னால் கொட்டும் ஒளியைக் குறைக்கச் சொல்கிறது கண். பேட்டரி நீடிக்க வேண்டுமானாலும் அதேதான். மானுக்கும் வேண்டியது இதேதான்: தாழ்ந்த லைட், குறைந்த வேகம், சீக்கிரம் வீடு திரும்புதல். நம்ம பாதுகாப்பும் அதன் தூக்கமும் இங்கே ஒன்றுக்கொன்று எதிராக இல்லை. புதுசாக லைட் வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணைத் தேடும்போது, ஆகக் குறைந்த பிரகாசத்தில் அது எத்தனை மணி நேரம் எரியும் என்ற சின்ன எண்ணையும் ஒருதரம் பாருங்க. காட்டில் அதிகம் உபயோகப்படப் போவது அதுதான்.